பரண் ஒழிப்பது எப்படி?

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை பேஸ்மென்டை ஒழிப்பார். ஒழித்த கையோடு வீடியோ காலில் வந்து எங்களுக்கும் புத்தி சொல்வார். மயிலாப்பூரில் வீட்டுக்கடியில் அறை கட்டினால் ஐப்பசி அடைமழையில் அது இன்னொரு தெப்பக்குளம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. இந்த ஊரில் வேண்டாத சாமான் மேலேதான் ஏறும். பில்டர் அதை லாஃப்ட் என்பார், பாட்டி பரண் என்பாள். ஏறியது இறங்காது என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. இருந்தாலும் மார்கழி கடைசியில் போகி வருகிறது. இந்த வருஷம் ஒழித்தே தீர்வது என்று கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

முதல் தேவை ஏணி. அது பரணில் இருக்கும். வாட்ச்மேனிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நேரம். பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போது பரணை நிமிர்ந்துகூடப் பார்க்காதீர்கள். பிரதோஷத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா கபாலி கோயிலுக்குக் கிளம்பினால், நந்திக்கு அபிஷேகம் பார்த்து, தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்ப ஏழாகிவிடும். அந்த மூன்று மணி நேரம்தான் உங்கள் முகூர்த்தம். தவறவிட்டால் அடுத்த பிரதோஷம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மேலே ஏறியபின் ஒரே விதி: எதையும் திறக்காதீர்கள். கட்டியது கட்டியபடி வாசலுக்குப் போய்விட வேண்டும். நான் திறந்தேன். பழைய வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு. மூடி இல்லை, பிடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. விளிம்பைத் துடைத்தால் புள்ளி புள்ளியாக ‘ரா.க. 12-9-74’. பாத்திரக்கடையில் தட்டித் தட்டி வெட்டிய எழுத்து. ‘க’ மட்டும் கொஞ்சம் வழுக்கி, கால் நீண்டிருந்தது. அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்ததில் பொழுது போனது தெரியவில்லை. அம்மா வந்துவிட்டாள். பாத்திரச் சீட்டு கட்டி வாங்கியதாம். அப்பா ஆபீசுக்குப் பதினோரு வருஷம் தயிர்சாதம் போனது இதில்தானாம்.

“பிடி உடைஞ்சிருக்கேம்மா.”

“இருந்தா என்ன? அது பாட்டுக்கு ஓரமா கெடக்கு. உன்கிட்ட சோறா கேக்குது?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை தமிழில் பதில் கிடையாது.

கொலுப்படியைத் தொடாதீர்கள். வருஷத்தில் ஒன்பது நாள் வேலை, மீதி நாளெல்லாம் படுக்கை. அந்த உத்தியோகத்தில் கைவைக்க யாராலும் முடியாது. உஸ்மான் ரோட்டில் ஜவுளி எடுத்த தீபாவளிக்கெல்லாம் ஒரு பை உண்டு. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததே, இனி இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். “இனிமே கிடைக்காதே” என்று அவை இன்னும் பத்திரமாகிவிட்டன.

உண்மையான ஆபத்து புத்தகத்தில் இருக்கிறது. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் பிரித்தெடுத்து பைண்ட் செய்த வீடுகள் இங்கே உண்டு. எடைக்குப் போடலாமா என்று வாயைத் திறந்தால் போதும், யாராவது உ.வே.சாமிநாதையரைத் துணைக்கு அழைப்பார்கள். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு அவர் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்றார்களாம். இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் 1987 டெலிபோன் டைரக்டரிகூடப் புறநானூறாகிவிடும். விளையாட்டு ஒருபுறம் இருக்கட்டும். கைப்பட எழுதிய நோட்டு, பழைய நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடைத்தால், தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து 1994இல் பிறந்த நூலகம் அது. அவர் வீட்டில் என்னென்ன சொன்னார்களோ!

2015 டிசம்பருக்குப் பிறகு வேறொரு சிக்கல். அடையாறு கரையைத் தாண்டிக் கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் வந்ததல்லவா, எங்கள் சித்தப்பா வீட்டில் சோபா, பிரிட்ஜ், பத்திரம் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. பரணில் இருந்த ஓடாத டேபிள் ஃபேன் மட்டும் சொட்டு நனையாமல் பிழைத்தது. அன்றிலிருந்து பரண் சாமானுக்குத் தனி கெத்து.

எப்படியோ நாலு சாமான் கீழே இறங்கிவிட்டது என்று வையுங்கள். எரிக்காதீர்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊருக்குப் போயின. உங்கள் வீட்டு டயருக்காக முன்பின் தெரியாத ஒருவர் பெங்களூரில் போய் இறங்க வேண்டுமா? போகிக்குப் போகி எல்லோரும் எடுத்துவிடும் அந்தப் பழையன, புதியன சூத்திரம், நன்னூலில் பவணந்தி முனிவர் மொழியைப் பற்றிச் சொன்னது. டயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுங்கள். முன்பெல்லாம் இரும்புக்குப் பேரீச்சம்பழம், இப்போது ரொக்கம். அவர் கொக்கித் தராசில் மூட்டையைத் தூக்கும்போது முள்ளைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். முகத்தைப் பார்த்தால் இலவசமாகக் கொடுத்துவிடுவீர்கள். மெத்தையை அவர் எடுக்கமாட்டார். அதைத் தெருமுனையில் சாத்திவிட்டு வராமல் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். தென்சென்னைக் குப்பை போய்ச் சேரும் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நாரைக்கு எதற்கு இலவம்பஞ்சு மெத்தை?

எங்கள் வீட்டில் இந்தப் போகிக்கு வெளியேறியவை: டைரக்டரி இரண்டு, டிவி வந்த அட்டைப்பெட்டி, ஓட்டை வாளி ஒன்று. கைக்கு வந்தது நாற்பது ரூபாய். காலியான இடத்தில், அக்கா வீட்டுக்காரர் போன தடவை வந்தபோது விட்டுப்போன இரண்டு பெரிய சூட்கேஸ்கள் ஏறிவிட்டன. வாட்ச்மேன் ஏணியைக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டார். அதுவும் மேலேதான் இருக்கிறது.