கடல்மட்டத்துக்கு மேல் நட்பு: ஒரு கள ஆய்வு

நட்பை ஆராய்ந்த சான்றோர் பலர். ஆனால் எத்தனை மீட்டர் உயரத்தில் வைத்து ஆராய்ந்தார்கள் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. இப்பெருங்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ. உயரம் 5,895 மீட்டர். ஆய்வுப்பொருள், நற்பணிக்கு நிதி திரட்டிக்கொண்டு மச்சாமே பாதையில் ஏறும் இரு நண்பர்கள். வசதிக்காக அவர்களை அ, ஆ என்போம். 1889இல் முதன்முதலாக உச்சியை எட்டியதாகப் பதிவாகியுள்ள ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் ஆகியோரும் இருவர்தான். அவர்களில் குறட்டை விட்டவர் யார் என்பது ஆராயப்பட வேண்டிய பொருள்.

முதல் நாள் மழைக்காடு. நட்பு இங்கே பூரண நலத்துடன் இருக்கும். வழிகாட்டி "போலே போலே" (மெதுவாக, மெதுவாக) என்று நிதானப்படுத்துவார். தோள்பையுடன் இருவரும் மூச்சுவாங்கி நிற்கையில், கூடாரத்தையும் அடுப்பையும் தலையில் சுமந்த உள்ளூர்க்காரர்கள் விறுவிறுவென்று கடந்துபோவார்கள். இதில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பதற்குத் தனி ஆய்வேடு தேவை.

தரவுகள் கொட்டிக் கிடப்பது கூடாரத்துக்குள்தான். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். குடலிலுள்ள வாயு விரியும். இது கற்பனையல்ல. 1981இலேயே இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் மருத்துவ இதழொன்றில் இதை முறைப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்தது உறக்கம். அ, மலைநோய்க்கு முன்னெச்சரிக்கையாக டயமாக்ஸ் போட்டிருக்கிறான். அது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. தூங்குபையின் ஜிப், உள்கூடார ஜிப், வெளிக்கூடார ஜிப். திரும்பி வந்ததும் அதே மூன்றும் தலைகீழ் வரிசையில். ஆ மாத்திரை போடவில்லை. அவனுக்கோ தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு பெரிய இழுப்பாக வரும். உயரத்தில் இது சகஜம். அந்தச் சில நொடிகளில் அ முதலில் பதறுகிறான். பிறகு, அப்பாடா, அமைதி என்று நினைக்கிறான். நட்பின் அளவுகோல் பூஜ்யத்தைத் தொடும் இடம் இதுவே.

இடையில் ஒரு நாள், லாவா டவர் என்ற இடம் வரை சுமார் 4,600 மீட்டர் உயரத்துக்கு ஏறவைத்து, அன்றே சுமார் 3,900 மீட்டரிலுள்ள பாரங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். உடல் பழகுவதற்கான ஏற்பாடு அது. உடல் பழகும், கோபம் இறங்காது.

உச்சிக்கான ஏற்றம் பாராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் தொடங்கும். நெற்றி விளக்கின் ஒளியில் முன்னால் போகிறவனின் குதிகால் மட்டுமே தெரியும். தோள்பையின் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். இங்கே மன உறுதிதான் காலை நகர்த்துகிறது என்பது பரவலான கருதுகோள். களச்சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. திரும்பிவிட வேண்டும் என்றுதான் இருவருமே நினைக்கிறார்கள். ஆனால் திரும்பினால், "நீயெல்லாம் ஏறுவியா?" என்று சிரித்தபடி நன்கொடை கொடுத்த அலுவலகக் கணக்குப் பிரிவுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டும். ஆகவே "போயிடலாம்டா" என்று ஆ முதலில் சொல்லட்டும் என அ காத்திருக்கிறான். அ சொல்லட்டும் என ஆ காத்திருக்கிறான். சொன்னவன் பெயர்தானே ஊரில் நிற்கும்? இந்தக் காத்திருப்பிலேயே விடிந்து, உஹுரு உச்சியின் பலகை வந்துவிடுகிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். காரணம் நட்பா, பிராணவாயுக் குறைவா என்று பிரித்தறியும் கருவி இன்னும் வரவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நண்பர் நன்கொடை கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கூட வரச் சொன்னால், கூடாரம் தனித்தனியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.