மொரிஸ் மைனரும் கனடா எஞ்சினும்: ஒரு திணை ஆய்வு

பழைய கார் உயர்ந்ததா, பழைய டீசல் எஞ்சின் உயர்ந்ததா என்னும் வினா தமிழில் இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. ஆராய வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை என்பதும் உண்மையே. இரு குறைகளையும் ஒருங்கே போக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை மாத்தளை மாவட்டம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை என்று வளைந்து வரும் தண்டவாளம் மாத்தளையோடு நின்றுவிடுகிறது. ஏ9 வீதியோ தம்புள்ளையைத் தாண்டி யாழ்ப்பாணம்வரை போகிறது. ஆகவே எஞ்சின் தோற்று, கார் தொடர்ந்து செல்லும் இடம் இது. ஆய்வாளருக்கு இதைவிட வசதியான களம் வாய்க்காது. இன்னொரு சிறப்பும் உண்டு. இப்பாதை கோப்பித் தோட்டங்களை நம்பிப் போடப்பட்டது. 1880இல் கோச்சி வந்து சேர்ந்தபோது, 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைப் பாதி தின்றுவிட்டிருந்தது. பிறக்கும்போதே பழையதாகப் பிறந்த பாதை என்பதால், பழமை ஆய்வுக்கு இதுவே பொருத்தம்.

இனி ஆய்வுப் பொருள்கள். கார் இனத்துக்கு மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எஞ்சின் இனத்துக்கு, இலங்கையில் இன்றும் ஓடும் டீசல்களுள் மூத்த குடியான எம்2. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்தது. இது லண்டனில் செய்யப்பட்டது என்றால் வாசகர் இங்கிலாந்தை நினைப்பார். இது ஒன்ராறியோ மாகாணத்து லண்டன். எஞ்சின் அங்கிருந்து இங்கே வந்து சில பத்தாண்டுகளுக்குப் பின் நம்மவர்கள் இங்கிருந்து அங்கே போனார்கள். பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்பது தனி ஆய்வுக்குரியது.

அளவையியல் பகுதிக்கு வருவோம். எம்2வின் ஒரு சிலிண்டர் 567 கன அங்குலம், அதாவது சுமார் 9.3 லீற்றர். அப்படிப் பன்னிரண்டு. 1956இல் வந்த மொரிஸின் எஞ்சின் முழுவதும் 948 சி.சி. தான். கணக்குப் பார்த்தால் ஒரு கனடா எஞ்சினுக்குள் 117 மொரிஸ் எஞ்சின்களை ஊற்றிவிடலாம். ஆனால் குதிரைவலுவில் 1,425க்கு 37. முப்பத்தெட்டரை மொரிஸ் சேர்ந்தால் சமன். லீற்றருக்கு இவ்வளவு வலு என்று பார்த்தால் மொரிஸ் மூன்று மடங்கு முன்கோபி என்பது பெறப்படும். சின்ன உருவங்களின் சுபாவம் அதுதான்.

இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று. நம் அகலப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையே 66 அங்குலம். மொரிஸ் மைனரின் மொத்த அகலம் ஏறத்தாழ 60. எனவே இக்கார் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, பக்கத்துக்கு மூன்று அங்குலம் மிச்சம் விட்டு நிற்க முடியும். யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

அளவை ஒருபுறமிருக்க, இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு திணை வேறுபாடு. அகத்திணைத் தலைவனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது மரபு. கார்க்காரரைக் கேட்டுப் பாருங்கள், “நம்ம வண்டி” என்பார், அதற்குமேல் வாய் திறக்கமாட்டார். வீட்டுக்குள், கூரைக்குக் கீழ், துணியால் போர்த்தப்பட்டுக் கிடக்கும் உறவு அது. வண்டி பதில் அன்பு காட்டாததால் கைக்கிளை; உடையவர் எழுபதைத் தாண்டியிருந்தால் பெருந்திணை. எஞ்சினோ புறத்திணை. ஊரறிய, பெயர் பொறித்து நிற்கும்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா.

புறத்திணை என்றால் விழுப்புண் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடல் கவிழ்த்த ரயிலை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க மனிற்றோபா. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இறந்தனர். எஞ்சினை எடுத்துப் பழுதுபார்த்து மீண்டும் வேலைக்கு அனுப்பினார்கள். இந்த ஒரு பந்தியில் மட்டும் ஆய்வாளருக்குப் பகடி வரவில்லை.

காருக்கும் ரயில்வேக்கும் இரத்த உறவு உண்டு என்பதற்குச் சான்று, பழைய மொரிஸின் திரும்பும் சைகை. 1961க்கு முந்திய வண்டிகளில் முன்கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று வெளியே எழும். “டொக்” என்று ஒரு சத்தம், உள்ளே சின்ன பல்ப் ஒன்று எரியும். திருப்பம் முடிந்ததும் கை தானாக மடங்கினால் அதிர்ஷ்டம். மடங்காவிட்டால் தூணில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அலவத்துகொடைச் சந்தியில் இந்தக் கை எழுந்தால் பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரருக்கு அதன் பொருள் விளங்காது. ஏதோ கழன்று விழப்போகிறது என்று எச்சரிப்பார். விளங்கக்கூடியவர் ரயில் சாரதி ஒருவரே. கைகாட்டி மரங்களைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா? எஞ்சினுக்குக் கைகாட்டியை அரசாங்கம் நட்டு வைக்கிறது, கார் தன் கைகாட்டியைத் தானே சுமக்கிறது. தனியார் துறைக்கும் அரச துறைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாக. காருக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள், எஞ்சினுக்கு இரத்மலானை ரயில்வே பட்டறை. முன்னதில் பணம் கரையும், பின்னதில் காலம்.

மதிப்புப் பற்றிய பகுதியில்தான் அநீதி தெரிகிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, நேற்றுவரை “தகரம்” எனப்பட்டவையெல்லாம் பொக்கிஷமாகின. எஞ்சினுக்கு அப்படி ஒரு நாளும் விலை ஏறுவதில்லை. காரணம் எளிது: அது வேலை செய்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்துக்கு வீதிக்கு வரும்போது ஊரே கூடி வடம் பிடிக்கிறது. பழைய காரும் அந்தத் தேர்ச் சாதிதான். எப்போதோ ஒருமுறை, மினுக்கிப் பூச்சூட்டி, சில வேளை தள்ளிக்கொண்டு. தினமும் காலையில் அலுவலகக்காரரை ஏற்றிப்போகும் பிறவிக்கு மாலை போட யாருக்கு நேரம்? ஓய்வு பெற்றால் அரும்பொருள், ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டை என்பதுதான் இந்நாட்டில் நிலவும் தொன்மைக் கோட்பாடு. இதை நான் ஏற்கவில்லை.

ஆகவே முடிபு: உயர்ந்தது எஞ்சின், அழகியது கார். மழை நாளில் மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போக வேண்டியவர்கள் கோச்சியில் போகவும். கார் நனையக் கூடாது.