லைசென்ஸ் இருக்கிறதா?

வால்வு ரேடியோ சேகரிப்பதெல்லாம் பழைய ரேடியோப் பித்தில் அரிச்சுவடி. முற்றியவர்கள் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் தேடுகிறார்கள். வீட்டில் பாட்டுக் கேட்கவே 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டியிருந்த நாடு இது. வருஷா வருஷம் தபாலாபீசில் நின்று, பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால், ரேடியோவில் பாடும் பாகவதர் பாதிப் பாட்டில் போர்வைக்குள் போய்விடுவார். 1980களில் லைசென்ஸ் ஒழிந்ததும் வீடு வீடாகப் புத்தகம் எடைக்குப் போனது.

அன்று 15 ரூபாய் கட்ட மூக்கால் அழுதவரின் பேரன், இன்று அதே புத்தகத்தை நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார். முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் மதிப்பு கூடுதலாம். (குமாஸ்தாவுக்கு முன்பே தெரிந்திருந்தால் இன்னும் ஓங்கிக் குத்தியிருப்பார்.) உதட்டில் விரல் வைத்த மர்ஃபி ரேடியோ விளம்பரக் குழந்தையின் காலண்டருக்கும் ஏகக் கிராக்கி. ரேடியோ மட்டும் பேரனிடம் இல்லை, இடத்தை அடைக்குமாம்.

பரணில் தாத்தாவின் லைசென்ஸ் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பாக்கி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.