‘எல்லாம் சேர்த்திங்க’: பொள்ளாச்சி வாடகை வீடுகளில் மின்சாரமும் தண்ணீரும் குறித்த ஓர் ஆய்வு

பொள்ளாச்சியில் வாடகைக்கு வீடு தேடுபவர் எவராயினும், ‘கரண்டு தனிங்க’, ‘எல்லாம் சேர்த்திங்க’ என்னும் இரு தொடர்களுள் ஒன்றைக் கேளாமல் எந்த வாசற்படியையும் கடக்க இயலாது. முன்னதைத் தனிநிலை என்றும் பின்னதைச் சேர்த்திநிலை என்றும் இவ்வாய்வு வழங்கும். தனிநிலையாவது, குடியிருப்பவர் மின்கட்டணத்தையும் தண்ணீர்க் காசையும் வாடகைக்கு மேல் தருவது. சேர்த்திநிலையாவது, மாதம் பிறந்ததும் ஒரே தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் ஒன்றுமில்லை என்று நம்பியிருப்பது. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே ஆய்வுப் பொருள்.

தனிநிலையின் மூலக்கருவி சப் மீட்டர். மின்வாரியத்தின் மீட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வீட்டுக்காரரே மாட்டிவைக்கும் சிறு மீட்டருக்கு இப்பெயர். ஒரே வளாகத்தில் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்டு, கொங்கு வட்டாரத்தில் லைன் வீடு எனப்படும் குடியிருப்புகளில் இதனைக் காணலாம். தமிழ்நாட்டில் 2016 மே முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எனினும், இணைப்பு ஒன்றாகவும் குடித்தனம் நான்காகவும் உள்ள இடத்தில் அந்த நூறு யாரைச் சேரும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, வீட்டுக்காரரிடையே இல்லை. 2022 செப்டம்பர் கட்டண விகிதப்படி, நான்கு குடித்தனங்கள் தலா 125 யூனிட் எரித்து, நான்குக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டியது 225 ரூபாய். அதே 500 யூனிட் ஒரே இணைப்பில் ஓடினால் 1,725 ரூபாய். சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் வசூலித்தால் 4,000 ரூபாய் வந்து சேரும் என்பதைக் கொண்டு வீட்டுக்காரர்மேல் குற்றம் சுமத்திவிடலாகாது. அவரும் 501ஆவது யூனிட்டுக்கு அஞ்சி வாழ்பவரே. அந்த ஒன்று கூடியதும் மொத்தக் கணக்கும் வேறு விகிதத்துக்குத் தாவி 1,958 ரூபாயாகிவிடுவதால், அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இந்த அச்சம் சேர்த்திநிலையில்தான் முழு வடிவம் பெறுகிறது. தனிநிலையில் சுற்றும் ஃபேன் குடியிருப்பவரின் ஃபேன். சேர்த்திநிலையிலோ, மாட்டியவர் யாராக இருந்தாலும் அது வீட்டுக்காரரின் காதுக்குள் சுற்றுகிறது. மேல்வீட்டில் ஓடுவது மிக்ஸியா கிரைண்டரா, வந்திருப்பவர் ஒரு நாள் விருந்தாளியா அல்லது பள்ளி திறக்கும்வரை தங்கப்போகிற மச்சான் குடும்பமா என்பதையெல்லாம் கீழ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே அறியும் ஆற்றலை அவர் காலப்போக்கில் அடைகிறார். ‘ஏனுங்க, நேத்து ராத்திரி லைட்டு ரொம்ப நேரம் எரிஞ்சுதுங்களே, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலைங்களா?’ என்னும் அன்பான விசாரிப்பை மின் சிக்கன அறிக்கையாகவே கொள்ள வேண்டும். மேலும், ‘எல்லாம்’ என்பதனுள் ஏசி அடங்காது. ஹீட்டர் குளிர்காலத்தில் மட்டும் அடங்காது, அதாவது தேவைப்படும்போது அடங்காது.

தண்ணீர் இதனினும் நுட்பமானது. கோயம்புத்தூரில் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அணையிலிருந்து வரும் சிறுவாணி நீரும், பொள்ளாச்சியில் அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றிலிருந்து எடுக்கப்படும் நீரும் நல்ல தண்ணீர் எனப்படும். போர்வெல்லிலிருந்து வருவது சப்பைத் தண்ணி, அதாவது குளிக்கவும் துவைக்கவும் மட்டும் ஆகும் உப்பு நீர். சேர்த்திநிலையில் இரண்டுமே இலவசமாயினும், மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரின் சுவிட்ச் பெரும்பாலும் வீட்டுக்காரரின் சமையலறைக்குள் இருப்பதால், குடியிருப்பவர் தலையில் சோப்பு நுரையுடன் நிற்கும்போது அந்தக் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருத்தல் கூடும்.

ஜெர்மனியில் இச்சிக்கலுக்கு ஒழுங்கான வழி உண்டு. வெறும் இடத்துக்கான வாடகை அங்கே கால்ட்மீட்டே, அதாவது குளிர் வாடகை. வெப்பமூட்டும் செலவு முதலியன சேர்ந்தது வார்ம்மீட்டே, அதாவது சூட்டு வாடகை. ஆண்டுக்கொருமுறை கணக்குப் பார்த்து, கூடுதலாகக் கட்டியிருந்தால் திருப்பித் தருவார்கள். திருப்பித் தரும் இப்பகுதி பொள்ளாச்சிக்குப் பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது. உள்ளூரிலேயே பொருந்தும் முறை ஒன்றுதான் உண்டு: சினிமாக் குழுவினர் படப்பிடிப்புக்கு வீடு எடுக்கும்போது ஜெனரேட்டர் வண்டியோடு வந்து இறங்குவதால், அவர்களுடைய ஃபேனை யாரும் எண்ணுவதில்லை.

வீட்டுக்குள் எரிவதோடு கணக்கு முடிவதில்லை. அடுக்குமாடியில் படிக்கட்டு விளக்கு, பொது மோட்டார், லிப்ட் ஆகியவற்றுக்கு 2022இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனி விகிதம் வந்தது. பத்து வீடு, மூன்று மாடிக்கு மிகாமல் லிப்ட்டும் இல்லாத கட்டடங்களுக்கு 2023இல் அது 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. படி ஏறுபவர்கள்மேல் அரசுக்கு அவ்வளவு கரிசனம்.

1960ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவருக்கான தண்ணீர், மின்சாரம் முதலிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது அது. கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே வீடு பார்க்கச் செல்பவர்கள், சேர்த்தியா தனியா என்று கேட்பதற்கு முன்பே, மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நலம்.