ஜன்னலோர விவசாயி

அடுக்ககத்தில் இவரை அடையாளம் காண்பது எளிது. தயிர் டப்பா, டீ குடித்த பேப்பர் கப், முட்டை அட்டை எதையும் குப்பைக்குப் போக விடமாட்டார். "இருக்கட்டும், அடியில ஓட்டை போட்டா நாலு தக்காளி நிக்கும்" என்பார். அந்த வீட்டில் ஓட்டை விழாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறதென்றால், அதை மனைவி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சொந்த ஊரில் அப்பா விட்டுப்போன காட்டில் சீமைக்கருவேலம் அமோகமாக விளைகிறது. அதை எட்டிப் பார்க்க இவருக்கு நேரமில்லை. சாகுபடியெல்லாம் மூன்றாவது மாடி ஹாலில், கிழக்கு ஜன்னலை ஒட்டித்தான். ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஒன்று வாங்கி, குளியலறை பக்கெட்டில் ஊறப்போடுவார். தண்ணீர் குடித்தால் அது 60 லிட்டருக்கு மேல் பொங்கும் என்பது பக்கெட்டுக்குத் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. "உப்பு இறங்கணும், ரெண்டு தண்ணி மாத்தணும்" என்று இவர் அறிவித்துவிட்டால் குளிக்க நினைத்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு விதைப்பு. மளிகைச் சாமானிலிருந்து தனியாவை எடுத்துச் சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டுவார். "இது ஒரு விதை இல்லம்மா, ரெண்டு சேந்திருக்கு. உடைச்சுத்தான் போடணும்." சொல்வது உண்மைதான், ஆனால் சொல்வது சாம்பார் கொதிக்கும் நேரத்தில். துளசி விதை கடுகைவிடப் பொடிசு, மண் போட்டு மூடக்கூடாது, மேலே தூவினாலே போதும். காற்றில் பறந்துவிடும் என்பதால் ஹால் ஃபேனுக்குத் தடை. சித்திரை மாதம். வந்த மாமனார் மேல்துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெந்தயம் மூன்றாம் நாளே எட்டிப் பார்த்துவிடும், அதற்கு இவரிடம் மரியாதை கிடையாது. பத்து நாளுக்கு மேல் பிகு பண்ணுகிற மல்லி மீதுதான் பாசம். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பார். முளைத்தவை வெளிச்சம் தேடி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டும். தினம் காலையில் நாற்றுத் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு வெளியூர் போனாலும், தாலி கட்டும் நேரத்தில் வீட்டுக்கு போன் வரும்: "தட்டைத் திருப்பினியா?"

தண்ணீர் கூடிப்போனால் நாற்றழுகல். தண்டு மண்ணை ஒட்டி நூலாக இளைத்து, நேற்று நின்றது இன்று படுத்துவிடும். காரணம் பூஞ்சை, மருந்து காற்றோட்டம். உடனே டேபிள் ஃபேன் வரும், நாற்றுகளுக்கு. மாமனாருக்கு அதே மேல்துண்டுதான்.

நாலு இலை விட்டதும் தொட்டி மாற்றும் வைபவம், வெயில் தாழ்ந்த பிறகு. ஐஸ்கிரீம் குச்சியால் அடிமண்ணோடு நெம்பி, இலையைப் பிடித்துத்தான் தூக்குவார். "இலை போனா இன்னொண்ணு வரும், தண்டு நசுங்கினா போச்சு." அந்த அரைமணி நேரம் பிள்ளைகள் தும்மக்கூடாது.

சிக்கல் எண்ணிக்கையில்தான். 98 குழித் தட்டில், எதற்கும் இருக்கட்டுமென்று குழிக்கு இரண்டு செண்டுமல்லி விதை போட்டிருப்பார். செழிப்பானதை விட்டு மற்றதைக் கிள்ளி எறி என்று எல்லாக் கையேடும் சொல்லும். இவருக்குக் கை வராது. ஆகவே நாற்று வீடு வீடாகப் போகும். கொடுப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்வையிட வருவார். இவரைக் கண்டதும் லிஃப்டை விட்டுப் படியில் இறங்குகிறவர்கள் எல்லாம் உடற்பயிற்சிக்காக இறங்குகிறார்கள் என்று நம்பாதீர்கள்.

வீட்டுக்கு என்ன கிடைத்தது?

"என்னங்க, ரசத்துக்கு ரெண்டு மல்லித்தழை கிள்ளிக்கவா?"

"இப்பதான் வேர் பிடிக்குது. ஒரு வாரம் போகட்டும்."

ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "பூ விட்டிருச்சே, இனிமே கிள்ளக்கூடாது. விதைக்கு விட்ருவோம்."

மனைவி கீழே இறங்கி, கீரைக்கார அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி வருவார். இவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, முகம் மலர்ந்து சொல்வார்: "வேரோட இருக்கு பாரு! நறுக்கிட்டு அடியைத் தூக்கிப் போட்டுடாதே, நட்டுடலாம்."