திபெத்திய மாணவரைப் படிக்கவைத்துப் பேர் வாங்குவது எப்படி?

குடகுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் வழியில் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பேயில் இறங்குவது வழக்கம். நம்ட்ரோலிங் மடத்தில் தங்க முலாம் பூசிய மூன்று பெரிய சிலைகள். அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்து, வெளியே கடையில் மோமோ சாப்பிட்டு, ஒரு பாசிமணி மாலையைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கி வேனில் ஏறியதும் யாராவது ஒருவர் சொல்வார்: "பாவம், நாட்டை விட்டு ஓடிவந்த ஜனங்க. நாம ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாமே." அந்த ஒருவர் நீங்கள் என்றால், மேற்கொண்டு படியுங்கள்.

முதல் வேலை, ஆளைத் தேர்ந்தெடுப்பது. ஏழ்மை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதில்தான் திபெத்தியப் பிள்ளைகள் நம்மை ஏமாற்றிவிடுகிறார்கள். சென்னைக் கல்லூரி வாசல்களில் பார்த்திருப்பீர்கள்: கொரியன் ஹேர்ஸ்டைல், தோளில் கிட்டார், தடங்கலில்லாத ஆங்கிலம். "இவனுக்கா உதவி?" என்று ஒதுக்கிவிடுங்கள். அவன் விடுதியிலேயே வளர்ந்தவன், அந்த ஆங்கிலம் விடுதி கொடுத்தது, ஜீன்ஸ் யாரோ சீனியர் கொடுத்தது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் இரக்கம் நீர்த்துப்போகும்.

அவன் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்காதீர்கள். கேட்டால் பைலகுப்பேயின் மக்காச்சோளக் கணக்கைச் சொல்வான். அன்றைய மைசூர் மாநிலம் 1960-61 வாக்கில் காட்டைத் திருத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த நிலம், தலைக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர். தாத்தாவுக்குப் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்று குடும்பம் பெருகியது, ஏக்கர் பெருகவில்லை. அதனால் அக்டோபர் வந்ததும் அப்பாவும் அம்மாவும் ஸ்வெட்டர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். சரக்கு பெரும்பாலும் லூதியானா மொத்த வியாபாரிகளிடம் கடனுக்கு எடுத்தது. ஊட்டியில் பார்த்திருப்பீர்களே, வரிசையாகத் தொங்குமே, அதே வியாபாரம்தான். வட இந்திய நகரங்களின் நடைபாதைகளில் இன்னும் பெரிதாக நடக்கும். குளிர் நன்றாக அடித்தால் லாபம். குளிர் ஏமாற்றினால் கடன். கையில் காசு மிஞ்சுமானால் அது ஜனவரி, பிப்ரவரியில்.

கல்லூரிக் கட்டணம் கட்டுவது ஜூன், ஜூலையில். அப்போது வீட்டில் சோளம் முளைத்துத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் நன்கொடையாளர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: ஜூலையில் பணம் தராதீர்கள். நம் இரக்கத்துக்கு உரிய காலம் மார்ச் கடைசி வாரம். ஆடிட்டர் போன் செய்து "80ஜியில் ஏதாவது போடலாமா சார்?" என்று கேட்கும்போது மனம் இளகுவதே முறை. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, ஆகையால் அவர்கள் எந்த மாதத்திலும் இளகத் தேவையில்லை. ஜூலையில் கட்டணம் கட்டாத பையன் என்ன ஆவான் என்றால், யாரிடமாவது கடன் வாங்குவான், அல்லது ஒரு வருடம் பெங்களூரில் கால் சென்டருக்குப் போவான். மார்ச்சில் நீங்கள் செக்கோடு வரும்போது அவன் இருக்கமாட்டான். இந்த ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

சிங்கப்பூரிலிருந்து மாமாவும் பங்கு போடுகிறேன் என்கிறாரா? இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அவர் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பணம். அதற்கென்று பதிவு பெற்ற அமைப்பின் வழியாகத்தான் வரலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் இறங்கலாம். மாமாவுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் ஒரு செமஸ்டர் முடிந்துவிடும்.

கிட்டார் பையன் வேண்டாம் என்றால் இன்னொரு வகை மாணவர் இருக்கிறார். சிறு வயதில் வழிகாட்டியோடு பனி மலை தாண்டி நேபாளம் வழியாக வந்து சேர்ந்தவர். 2008-க்கு முன் ஆண்டுக்கு 2,000, 3,000 பேர் இப்படி வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு திபெத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எல்லை இறுகி, இப்போது வருவது மிகச் சிலர். அப்போது ஆறு வயதில், ஏழு வயதில் வந்தவர்கள் பலர் அப்பா அம்மா முகத்தைப் பிறகு போனில்தான் பார்த்தார்கள். அதிகம் பேசினால் அந்தப் பக்கம் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று அந்த போனையும் சுருக்கிக்கொண்டார்கள். உண்மையிலேயே ஆதரவில்லாதவர் இவர்தான். எனவே இவருக்கான விண்ணப்பப் படிவத்தைக் கவனமாகத் தயாரியுங்கள். தந்தையின் கையொப்பம், தந்தையின் வருமானச் சான்றிதழ், தாசில்தார் முத்திரை, ரேஷன் கார்டு நகல், பிறந்த தேதிக்கு ஆதாரம். ஆறு வயதில் மலை ஏறும்போது தாசில்தார் முத்திரையை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

படிவத்தில் பெயர்க் கட்டம் தனிக் கூத்து. தலாய் லாமா தம் பெயரில் உள்ள டென்சினைக் கேட்கிற குழந்தைகளுக்கெல்லாம் தந்துவிட்டார். ஆணும் டென்சின், பெண்ணும் டென்சின். ஒரு வகுப்பில் பாதிப் பேர் டென்சின். இரண்டாவது பெயர் குடும்பப் பெயர் இல்லை, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு வேறொன்று. இனிஷியலை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீஸில் குடும்பப் பெயர்க் கட்டத்தின் முன்னால் விழித்த தமிழனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். புரியாத மாதிரி இருங்கள். "உங்க டென்சின் நல்லாப் படிக்கிறானா?" என்று நண்பர் கேட்டால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிடுங்கள். அவள் பெண் என்பது பட்டமளிப்பு விழாப் புகைப்படத்தில் தெரியவரும்.

அடுத்தது பாடம். எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பணம் போடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்டர் என்றால் நல்லது, இன்ஜினீயர் என்றால் பரவாயில்லை. திபெத்தியப் பெண்கள் பலர் நர்சிங் கேட்பார்கள். நான்கு வருடம், வேலை நிச்சயம், தனியார் மருத்துவமனைகளில் மதிப்பு, தம்பியைப் படிக்கவைக்கலாம் என்று காரணங்களும் வைத்திருப்பார்கள். திபெத்திய இலக்கியம், தத்துவம் படிக்கத் தர்மசாலாவுக்குப் பக்கத்தில் சாரா கல்லூரிக்கும் சாரநாத்துக்கும் போகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். பெங்களூர் அருகே அவர்களே நடத்தும் தலாய் லாமா உயர்கல்வி நிறுவனத்தில் பட்டப்படிப்பு என்பார்கள் சிலர். "அதுல என்ன ஸ்கோப்?" என்று கேளுங்கள். நம் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விதான்.

ஸ்கோப் பற்றி யோசனை சொல்லும்போது "குரூப் 4 எழுதேம்மா" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். இங்கேயே பிறந்து, கன்னடமும் இந்தியும் பேசி, தோனிக்கு விசிலடித்தாலும், குடியுரிமை எடுக்காதவரை அவள் காகிதத்தில் வெளிநாட்டுக்காரி. கையில் இருப்பது பதிவுச் சான்றிதழ், அவர்கள் மொழியில் ஆர்சி. பதினாறு வயதானதும் வாங்க வேண்டும், காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். அரசு வேலைக்கு அது செல்லாது. வெளிநாடு போக மஞ்சள் நிற அடையாளப் புத்தகம் வேறு. சேரும் இடத்தில் ஒரு கல்லூரி அவளை மற்ற மாணவர்களோடு சேர்த்துக் கட்டணம் கேட்கும், இன்னொன்று வெளிநாட்டவர் பட்டியலில் எழுதி அதற்கேற்ற தொகை கேட்கும். நீங்கள் முன்பே ஒத்துக்கொண்ட தொகையிலிருந்து ஒரு ரூபாய் ஏற்றாதீர்கள். ஆர்சி புதுப்பிக்கப் போனேன், இரண்டு நாள் வகுப்புக்குப் போக முடியவில்லை என்றால் "அட்டெண்டன்ஸ் முக்கியம்மா" என்று அறிவுரை அனுப்புங்கள். அறிவுரைக்கு எந்தச் சட்டத்திலும் உச்சவரம்பு கிடையாது.

இனி கடிதம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 1960 மே மாதம் ஜம்மு பக்கம் சாலை போடும் முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் நோயும் பசியுமாகத் தர்மசாலா வந்து இறங்கினார்கள். தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா பார்த்துக்கொண்டார். அவர் 1964-இல் இறந்த பிறகு தங்கை ஜெட்சுன் பெமா நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தி, திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்ற பெரிய அமைப்பாக ஆக்கினார். வளர்த்த காசில் பெரும்பகுதி தூர தேசத்து ஸ்பான்சர்களுடையது. ஆகவே அங்கே வளர்ந்த பிள்ளைக்கு நன்றிக் கடிதம் கைவந்த கலை. நான் நலம், நீங்கள் நலமா, இங்கே மழை, தேர்வு நன்றாக எழுதினேன், உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன். பத்து வயதில் எழுதிய அதே ஐந்து வாக்கியங்களை இருபது வயதிலும் எழுதவைப்பது உங்கள் திறமை. மாதம் ஒன்று கேளுங்கள், தேர்வு மாதத்தில் இரண்டு. புகைப்படத்தில் திபெத்திய உடையான சூபா உடுத்தியிருக்க வேண்டும், ஜீன்ஸ் கூடாது. லோசர் புத்தாண்டுக்கு வெள்ளை கத்தாத் துண்டு ஒன்று தபாலில் வந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக வரவேற்பறையில் மாட்டுங்கள்.

அரசியல் வந்தால் உஷார். மார்ச் 10 அன்று, 1959 எழுச்சியை நினைத்து ஊர்வலம் போவார்கள். 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்கள் சிலரைப் போலீஸ் பிடித்துவைத்தது. அந்தப் பயணத்தையொட்டித் தமிழ்நாட்டில் கைதானவர்களில் டென்சின் சுண்டூவும் ஒருவர். லயோலாவில் படித்த கவிஞர். 2002-இல் சீனப் பிரதமர் மும்பை வந்திருந்தபோது ஓபராய் ஹோட்டலின் வெளிச்சுவரில் ஏறித் திபெத்தியக் கொடியை விரித்தவர். படிக்கவைத்தால் இப்படியும் ஆகும். "நாடில்லாதவன் என்று இரக்கப்பட்டுத்தானே பணம் கொடுத்தோம், நாடு வேண்டும் என்று கேட்கிறானே" என்று நீங்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வேறு விதமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், சொல்லிவிடுகிறேன், அவர்களிடம் பழகாதீர்கள். எந்த டென்சின் என்று கேட்காமல், பட்டியலில் அடுத்து இருக்கும் பெயருக்கு, மூன்றோ நான்கோ வருடம் முழுவதற்கும் வாக்குறுதியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பணம் ஜூன் முதல் வாரத்தில் நேரே கல்லூரிக்கும் விடுதிக்கும் போய்விடும். மெஸ் பில், பஸ் பாஸ், அரியர் கட்டணம் வரை கணக்கில் சேர்த்திருப்பார்கள். 58 சதவீதம் வாங்கியவனையும் விடமாட்டார்கள். 90 வாங்கியவளுக்கு உதவித்தொகை தேடிவரும், இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். புகைப்படம் இல்லை, கத்தா இல்லை. பேர் வாங்கத் தெரியாதவர்கள்.

நீங்கள் முதல் வருடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். திறப்பு விழா மாதிரி முதல் வருடத்துக்குத்தான் படம் எடுப்பார்கள். இரண்டாம் வருடம் வீட்டில் மாடி எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்வாள், பிரார்த்திக்கிறேன் என்று எழுதுவாள்.

எப்படியோ யார் யாரிடமோ வாங்கி அவள் நர்சிங் முடித்துவிட்டால் நீங்கள்தான் படிக்கவைத்தீர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் அவளே சம்பளத்திலிருந்து ஒரு பையனுக்கு விடுதிக் கட்டணம் கட்ட ஆரம்பித்துவிடுவாள். அதுவும் ஜூன் மாதமே. அவனிடம் கடிதம் கேட்கமாட்டாள், மார்க் ஷீட்டும் கேட்கமாட்டாள். இப்படியெல்லாம் பழக்கம் கெடுத்தால் பிறகு நம்மிடம் யார் பணிவாக இருப்பார்கள் என்று கண்டித்து உடனே ஒரு வாட்ஸ்ஆப் அனுப்புங்கள். நைட் டியூட்டி முடிந்ததும் பார்ப்பாள்.