ஐப்பசியில் வந்த ஆடித் தள்ளுபடி

எங்கள் காலத்தில் வாங்கிய பங்கு விழுந்தால் வீட்டில் மூச்சு விடமாட்டோம். இப்போது விழுந்தால்தான் சொந்தக்காரர்களிடமிருந்து போனே வருகிறது.

1990களில் சென்னை செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு தரகர் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். பங்குப் பத்திரத்தையும் டிரான்ஸ்ஃபர் படிவத்தையும் சேர்த்துப் பின் அடிப்பது, விற்றவரின் கையெழுத்தை உற்றுப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. கையெழுத்தின் வால் கொஞ்சம் நீண்டாலும் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். அதற்குப் பேர் பேட் டெலிவரி. காலைப் பேப்பரில் கெட்ட செய்தியைப் படித்துவிட்டு மலிவாக வாங்கிப் போட்டால், பத்திரம் உங்கள் பேருக்கு மாறி வருவதற்குள் அந்தச் செய்தியையே ஊர் மறந்திருக்கும். அந்தத் தலைமுறை பொறுமைசாலித் தலைமுறை என்று இப்போது புகழ்கிறார்கள். தபால் இலாகாவின் உபயம் அது.

1993இல் இன்ஃபோசிஸ் பங்கு வெளியீட்டுக்கு வந்தது. விலை 95 ரூபாய். அந்த விலைக்கே விண்ணப்பங்கள் முழுசாகச் சேரவில்லை. புகைக்கூண்டு இல்லாத கம்பெனியில் எவனாவது பணம் போடுவானா என்று எங்கள் ஆபீஸிலும் சிரித்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 2003 ஏப்ரல் 10 அன்று, சிரிப்பை நிறுத்தியிருந்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷ லாபம் பற்றி அதே இன்ஃபோசிஸ் சொன்ன கணிப்பு சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒரே நாளில் விலையில் கால்வாசிக்கு மேல் போயிற்று. வந்த போன் எல்லாம் "வித்துடு, வித்துடு"தான். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருவர் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு நேரில் வந்தார். "லாபம் குறையலையேப்பா, வேகம்தானே குறையுது?" என்று கேட்டு வாங்கிப் போட்டார். 2004இல் ஒரு பங்குக்கு மூன்று போனஸ், 2006இல் ஒன்றுக்கு ஒன்று. நூறு பங்கு எண்ணூறு ஆயிற்று. இந்தக் கதையை அவர் சொல்லாத வீடு அவர் தெருவில் இல்லை.

அவர் சொல்லாத இன்னொரு கதை உண்டு. ஆர்டர் எழுதியவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

2008 டிசம்பர் 16. ஹைதராபாத் சத்யம் கம்பெனி, தன் நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது. மறுநாள் பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்தது. அந்த வருஷம்தான் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கிய கம்பெனி. "அதான் திட்டத்தைக் கைவிட்டுட்டாங்களே, இன்னும் என்ன?" என்றார் ஹெட்மாஸ்டர். அதே குடை, அதே தர்க்கம். ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் கடிதம் வந்தது: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அன்று சாயங்காலம் பங்கின் விலை முந்தைய நாள் விலையில் கால் பங்குகூட இல்லை.

முதல் சரிவு, கம்பெனி இனி எவ்வளவு சம்பாதிக்கும் என்பதைப் பற்றியது. இரண்டாவது, இருக்கும் பணம் யார் பையில் என்பதைப் பற்றியது. ஆனால் விழுந்த அன்று திரையில் இரண்டும் ஒரே சிவப்பு.

இனி அடுத்த தலைமுறை. 2019 அக்டோபர் 22, தீபாவளிக்கு முந்தின வாரம். "சித்தப்பா, இன்ஃபி 16 பர்சன்ட் ஆஃபர்ல கிடைக்குது!" என்று அண்ணன் மகன் போனில் கூவினான். உயர் அதிகாரிகள் கணக்கை ஜோடிக்கிறார்கள் என்று ஊழியர்கள் பேரில் ஒரு மொட்டைக் கடிதம் கிளம்பியிருந்தது. தி.நகர் ஆடித் தள்ளுபடியிலாவது புடவையைப் பிரித்துப் பார்க்க விடுவார்கள். "கடுதாசியைப் படிச்சியாடா?" என்றேன். "ட்விட்டர்ல சுருக்கிப் போட்டிருக்காங்க சித்தப்பா." வேளச்சேரி சிக்னலில் பச்சை விழுவதற்குள் வாங்கி முடித்துவிட்டான். பின் அடிக்க ஆள் தேவைப்படவில்லை.

2020 ஜனவரியில், புகாருக்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனியின் தணிக்கைக் குழு சொன்னது. மார்ச்சில் கொரோனா வந்து, பங்கை அவன் வாங்கிய விலைக்கும் கீழே தள்ளியது. அந்த மாதம் அவனிடமிருந்து போன் இல்லை. 2021 முடிவதற்குள் பங்கு 1,800 ரூபாயைத் தாண்டியது. கல்யாண வீடுகளில் அவனைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். தற்காலிகப் பிரச்சினைதான் என்று அன்றே எப்படித் தெரிந்தது என்று ஒரு பெரியவர் கேட்டார். "அதான் ஏறிடுச்சே!" என்றான். யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

விழுந்து எழுந்த பங்குகளின் படத்தைத்தான் அவன் எல்லோருக்கும் காட்டுகிறான். அவன் செல்போனில் சத்யத்தைத் தேடினால் வராது. 2013இல் டெக் மஹிந்திராவோடு இணைந்துவிட்டது. 17 சத்யம் பங்குக்கு 2 பங்கு கொடுத்தார்கள்.